பட்டாபிக்குப் போட்ட ஒன்பது தையல்

கல்கத்தா பவானிபூரில் சக்ரபேரியா சந்துக்குள் குடியிருந்த ஜகதாம்பாளுக்குக் குழந்தை இல்லை. குட்டி மட்டும் உண்டு. அதுவும் ஆட்டுக்குட்டி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆவணி மாதத்து அடைமழையில், கழுத்தில் பலிக்குப் போட்ட செம்பருத்தி மாலையும் அறுந்த கயிறுமாகக் காளிகாட் கோயில் பக்கத்திலிருந்து ஓடி வந்த அந்தக் கறுப்புக் குட்டி, திறந்திருந்த வாசலுக்குள் புகுந்து நேரே அடுக்களைக்கு வந்துவிட்டது. சற்று நேரத்தில் பெஹாலா ஜமீன்தார் வீட்டு ஆள் ஒருவன் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"இங்கே ஆடு ஏதாவது வந்ததா, மா?"

"ஆடா? பிராமணா ஆத்துலயா?" என்று ஜகதாம்பாள் தனக்குத் தெரிந்த வங்காளியில் அதட்டினாள்.

உள்ளேயிருந்து 'மே' என்று சத்தம் வந்தது.

"எங்காத்துக்காரருக்கு இருமல்" என்றாள் அவள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு பெரிய பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு காளிகாட்டுக்குப் போய், "அம்மா, இதை எடுத்துக்கோ, அதை விட்டுடு" என்று அம்பாளிடமே நேரில் பேசி முடித்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து குட்டிக்குப் பட்டாபிராமன் என்று பெயர். கூப்பிடுவது பட்டாபி. இரண்டு வருஷத்தில் அது ஒரு கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்து, கொம்பும் தாடியுமாகக் கம்பீரமாக நடமாடியது. கிளைவ் தெருவில் ஒரு சணல் கம்பெனியில் ஹெட் கிளார்க்காக இருந்த அவள் கணவர் சுந்தரேசன் மட்டும், "அது என்னை மதிக்கறதே இல்லை" என்று அவ்வப்போது குறைப்பட்டுக்கொள்வார்.

அந்த வருஷம் ஊரெல்லாம் சுதேசிப் பேச்சு. தெருமுனையில் சீமைத் துணியைக் குவித்து நெருப்பு வைத்தார்கள். சுந்தரேசனிடம் ஒரு மல் வேஷ்டி இருந்தது. மான்செஸ்டர் சரக்கு, ஓரத்தில் நீல மையில் ஆலை முத்திரைகூடக் கலையாமல் இருக்கும். கட்டினால் கட்டினது தெரியாது என்று அவருக்கு அதன்மேல் அத்தனை பிரியம். மாடியில் உலர்த்தினால் தெருப் பையன்கள் கண்ணில் படும் என்று பயந்து, பின்கட்டில் தாழ்வாகக் கொடி கட்டி உலர்த்தச் சொன்னார். பட்டாபிக்கு எட்டுகிற உயரம் என்று அவர் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை வேஷ்டி இல்லை. பட்டாபி படுத்த இடத்தைவிட்டு எழவில்லை. இடது பக்கம் வயிறு மிருதங்கம் மாதிரி உப்பியிருந்தது. அசைபோடவில்லை. கூப்பிட்டால் கண்ணை மட்டும் உருட்டியது. சுக்குக் கஷாயமும் பெருங்காயமும் அதனிடம் எடுபடவில்லை.

அடுத்த வீட்டு நிஸ்தாரிணி பௌதி - பௌதி என்றால் அண்ணி - ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசல் தாண்டாத வீட்டு மருமகள். அவளுக்கு உலகமே அந்த ஜன்னல்தான்.

"ரஸ்ஸா ரோட்டுக்குப் பின்னால் குதிரை டாக்டர் ஒருத்தர் இருக்கிறார், உங்கள் மதராஸிக்காரர்தான்" என்றாள் அவள்; ஜகதாம்பாள் அவளுக்கு அக்கா, வங்காளியில் திதி. "போ திதி, நிற்காதே!"

ஜகதாம்பாள் ஒரு வாடகைக் குதிரைவண்டியைப் பிடித்து, ஆட்டை ஆசனத்தில் படுக்க வைத்து, தான் கீழே உட்கார்ந்துகொண்டு போனாள்.

டாக்டர் ஸ்ரீனிவாசராகவன் பம்பாயில் படித்துவிட்டு டிராம் வண்டிக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கக் கல்கத்தாவுக்கு வந்தவர். நாலு வருஷத்துக்கு முன்னால் டிராமுக்கு மின்சாரம் வந்தது, குதிரைகள் போயின. டாக்டர் மட்டும் மிச்சம். நாற்பது குதிரை நிற்கிற காலி லாயம், குதிரை அளவு ஊசிகள், ஹரிபதா என்ற கம்பவுண்டர் - இவற்றோடு, எப்போதாவது வருகிற சாரட்டுக் குதிரைக்கும் துரை வீட்டு நாய்க்கும் காத்துக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு வயசு, கல்யாணமாகி மனைவி பிரசவத்துக்கு ஸ்ரீரங்கம் போயிருந்தாள்.

"நோயாளி பேர்?" என்று நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

"பட்டாபிராமன்."

டாக்டரின் பேனா நின்றது. "என் மாமனார் பேர் அது."

"அவருக்கும் தாடி உண்டோ?" என்று கேட்டாள் ஜகதாம்பாள். கேலிக்கு அல்ல, பதற்றத்தில் வாயில் வந்தது. கம்பவுண்டர் ஹரிபதாவுக்குத் தமிழ் தெரியாததால் மானம் பிழைத்தது.

டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார், காது வைத்துக் கேட்டார். வயிற்றைக் கீறித்தான் எடுக்க வேண்டும் என்றார். ஜகதாம்பாள் லாயத்துக்கு வெளியே நின்று, தெரிந்த ஸ்தோத்திரம் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கலந்து சொன்னாள். மரத்துப்போகிற மருந்து போட்டு, இடது விலாவுக்குக் கீழே கீறி, கையை விட்டு, டாக்டர் மெதுவாக இழுத்தார். வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது: நாலு முழத்துக்குக் குறையாத மல் வேஷ்டி, ஓரத்தில் நீல முத்திரையோடு. பிறகு உள்ளே குடல்நரம்பு நூலால் தைத்து, வெளியே பட்டு நூலால் ஒன்பது தையல் போட்டார். நாலு வருஷமாக இப்படி ஒரு வேலை அவர் கைக்கு வந்ததில்லை. கடைசி முடிச்சைப் போட்டபோது சீட்டியடித்தார் என்று ஹரிபதா பின்னால் எல்லோரிடமும் சொன்னான்.

பிழைத்துக்கொள்ளும் என்று கேட்டதும் ஜகதாம்பாளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு நிமிஷம்தான்.

ஏனென்றால் அடுத்த நிமிஷம் டாக்டர் ஒரு காகிதத்தை நீட்டினார். அறுவைக்குப் பின் கவனிப்பு என்று தலைப்புப் போட்டு முத்து முத்தான எழுத்தில் பதினோரு விதிகள். முதல் நாள் பட்டினி. இரண்டாம் நாள் பார்லி கஞ்சி, அரை ஆழாக்கு. கட்டைத் தொடக் கூடாது. விபூதி, மஞ்சள், விளக்கெண்ணெய் எதுவும் காயத்தின் பக்கத்தில் வரக் கூடாது. குதித்தல், ஓடுதல், உற்சாகம் கூடாது. பதினோராவது விதி: 'வளர்ப்பவர் நோயாளியின் எதிரில் அழக் கூடாது.'

"உற்சாகம் கூடாதுன்னா என்ன அர்த்தம்?" என்றாள் ஜகதாம்பாள்.

"சந்தோஷப்படுத்தப்படாது, மாமி. துள்ளும். துள்ளினா தையல் பிரியும்."

"உடம்பு சரியில்லாத ஜீவனைச் சந்தோஷப்படுத்தப்படாதுன்னு எந்த சாஸ்திரத்துல சொல்லியிருக்கு?"

"பம்பாய்ல."

காயத்தை நக்காமலிருக்கக் கழுத்துக்கு ஒரு மரக் கூண்டு மாட்டினார்கள். அது டிராம் குதிரைக்காகச் செய்தது. பட்டாபி அதற்குள் நின்றால், வேலிக்குள் அகப்பட்ட குருக்கள் மாதிரி தாடி மட்டும் வெளியே தெரிந்தது. எட்டு நாள் லாயத்திலேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். இரண்டு நாள் ஜகதாம்பாள் காலையில் வந்து சாயங்காலம்வரை லாயத்தில் உட்கார்ந்து பார்த்தாள். கஞ்சி நீர்த்திருக்கிறது, வைக்கோல் குத்துகிறது, ஹரிபதா சுருட்டு ஊதுகிறான், கொசு கடிக்கிறது. மூன்றாம் நாள் டாக்டர் யாரோ ஒரு துரையின் நாயைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில், பல்லக்கு ஒன்றை வைத்துப் பட்டாபியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பல்லக்கின் இரண்டு பக்கமும் கழுத்துக் கூண்டு துருத்திக்கொண்டிருக்க, ரஸ்ஸா ரோட்டில் போனவர்கள் எல்லாம் எந்த ராணி போகிறாள் என்று நின்று பார்த்தார்கள்.

மத்தியானமே ஹரிபதா கடிதத்தோடு வந்தான்.

'ஸ்ரீமதி ஜகதாம்பாள் அவர்களுக்கு. என் நோயாளியை என் அனுமதியின்றி அழைத்துச் சென்றது மிகவும் தவறு. ஏதாவது நேர்ந்தால் நான் பொறுப்பில்லை. கஞ்சி அரை ஆழாக்குக்கு மேல் வேண்டாம். ஸ்ரீனிவாசராகவன்.'

ஹரிபதாவை நிற்கவைத்துவிட்டு அவள் பதில் எழுதினாள்.

'டாக்டர் அவர்களுக்கு. உங்கள் நோயாளி என் பட்டாபி. உங்கள் லாயத்தில் அவன் இரண்டு நாளில் நாலு தடவைதான் கத்தினான். இங்கே வந்ததும் வாய் ஓயவில்லை. கூண்டைக் கழற்றிவிட்டேன். அதற்குப் பதில் என் பழைய காஞ்சீபுரம் புடவையைக் கிழித்து வயிற்றைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன். நக்க முடியாது. ஜரிகை குத்தும். ஜகதாம்பாள்.'

சாயங்காலத்துக்குள் இன்னொரு கடிதம். 'ஜரிகை காயத்தில் படுகிறதா?' அதற்குப் பதில்: 'நான் என்ன முட்டாளா?' மறுநாள்: 'சாணம் எப்படி இருக்கிறது, விவரமாக எழுதவும்.' பதில்: 'அதை ஒரு பதிவிரதை இன்னொரு ஆணுக்குக் கடிதத்தில் எழுத முடியாது. என் கணவரை எழுதச் சொல்கிறேன்.' சுந்தரேசன் ஆபீஸிலிருந்து களைத்து வந்து, கைகால் அலம்பி, ஹெட் கிளார்க் பாஷையில் நாலு வரி அறிக்கை எழுதிக்கொடுத்தார். ஹரிபதா ஒரு நாளைக்கு ஆறு தடவை நடந்தான். நடந்த வழியில் இருந்த மிட்டாய்க் கடையில் ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து, மதராஸி ஆடு சீமைத் துணியைத் தின்ற கதையைக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்தான்.

ஆறாம் நாள் டாக்டரே நேரில் வந்தார். கட்டை அவிழ்த்தார். ஓரிடத்தில் லேசாக வீங்கியிருந்தது. சுற்றிலும் மஞ்சளாக இருந்தது.

"மஞ்சள் போட்டிருக்கேள்."

"சுத்தித்தான் போட்டேன். காயத்துல போடலை. விதியிலே 'பக்கத்தில்'னு எழுதியிருக்கேள், எத்தனை அங்குலம்னு எழுதலை."

"வீங்கியிருக்கு பாருங்கோ! உங்க கைவேலை!"

"என் கைவேலையா? கோணி தைக்கற மாதிரி இழுத்துத் தைச்சிருக்கேள். குதிரைத் தோலுன்னு நினைச்சுண்டேளோ?"

"நானூறு குதிரைக்குத் தையல் போட்டவன் நான்!"

"அந்தக் குதிரையெல்லாம் இப்போ எங்கே?"

சொன்னதுமே அவளுக்குச் சுருக்கென்றது. டாக்டர் பையை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். ஜகதாம்பாள் உள்ளே போய் ஒரு டம்ளர் காப்பியைக் கொண்டுவந்து அவர் எதிரில் வைத்தாள்.

"தப்பாச் சொல்லிட்டேன்" என்றாள். "ஆனா மஞ்சள் விஷயத்துல நான் சொன்னது சொன்னதுதான்."

டாக்டர் காப்பியை ஒரு வாய் குடித்தார். அப்புறம் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நானூறு குதிரை, மாமி. ஒரு குதிரைக்காகவாவது ஒருத்தன் வந்து என்னோட சண்டை போட்டதில்லை. நம்பர் சொல்லி ஓட்டிண்டு வருவா, நம்பர் சொல்லி ஓட்டிண்டு போவா. செத்துப்போனா அந்த நம்பரை இன்னொண்ணுக்குப் போடுவா." டம்ளரைக் கீழே வைத்தார். "ஆனா மஞ்சளை அலம்பியாகணும்."

அலம்பினார்கள். சண்டை போட்டுக்கொண்டேதான் அலம்பினார்கள்.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் வாசலில் கோஷம் கேட்டு சுந்தரேசன் எட்டிப் பார்த்தார். சந்து நிறைய வாலிபர்கள். கொடி, தாரை, சங்கு. நடுவில் செவந்திப்பூ ஜோடித்த ஒரு கைவண்டி.

"சுதேசி ஆடு இந்த வீட்டில்தானே இருக்கிறது?" என்று கேட்டான் முன்னால் நின்ற கண்ணாடிக்காரன். காலேஜ் மாணவன் மாதிரி இருந்தான். "சீமைத் துணியை அழிப்பதற்காக உயிரையே பணயம் வைத்த ஆடு! மைதானத்தில் இன்று கூட்டம். அதை அழைத்துப் போக வந்திருக்கிறோம்."

சுந்தரேசன் உள்ளே ஓடினார். "ஜகது! என் ஆபீஸ் துரைக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும்டி! அது என் வேஷ்டி! நான் கட்டின வேஷ்டி!"

"வேஷ்டி யாருடையதுன்னு ஆடா சொல்லப்போறது?" என்றாள் ஜகதாம்பாள்.

அவள் முகம் பூரித்துப்போயிருந்தது. இரண்டு வருஷமாக இந்தச் சந்தில் 'ஆடு வளர்க்கும் மதராஸி மாமி' என்று சிரித்தவர்கள்தான் இன்று சங்கு ஊதிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அடுத்த வீட்டு ஜன்னலிலிருந்து நிஸ்தாரிணி பௌதி குலவையிட்டாள். பட்டாபியும் செவந்திப்பூ வாசனைக்கு மூக்கை நீட்டியது.

"கூட்டிண்டு போங்கோ. ஆனா நானும் வருவேன்."

அந்தச் சமயம் பார்த்து டாக்டர் ஸ்ரீனிவாசராகவன் சந்துக்குள் ஓடி வந்தார். மிட்டாய்க் கடையில் சேதி கேட்டு, தலைப்பாகையை ஓடிக்கொண்டே சுற்றியிருந்தார்.

"நிறுத்துங்கோ! ஏழாம் நாள்! தையல் பிரிஞ்சா குடல் வெளியிலே வரும்! மாமி, அஞ்சாவது விதி!"

"நன்னா இருக்கான் டாக்டர். கண்ணைப் பாருங்கோ."

"கண்ணிலே தையல் போடலை நான்!"

கண்ணாடிக்காரனுக்குத் தமிழ் புரியவில்லை. டாக்டரின் பின்னாலேயே ஓடி வந்த ஹரிபதா, தனக்கும் புரியாத அந்தத் தமிழை மொழிபெயர்த்தான்: "இவர்தான் அந்தத் துணியை வயிற்றிலிருந்து வெளியே இழுத்த டாக்டர்பாபு." அவ்வளவுதான்; டாக்டர் கழுத்தில் இரண்டு மாலை விழுந்தது. அவர் எதிர்ப்பு எல்லாம் கோஷத்தில் கரைந்தது. வண்டி நகர்ந்தது. வேறு வழி தெரியாமல் டாக்டர் வண்டியின் இடது பக்கம் சேர்ந்துகொண்டு, ஒரு கையைப் பட்டாபியின் கட்டின்மேல் அழுத்திப் பிடித்தபடியே நடந்தார். வலது பக்கம் ஜகதாம்பாள் குடை பிடித்து நடந்தாள். பின்னால் சுந்தரேசன் தன் குடையை முகத்துக்கு முன்னால் விரித்துக்கொண்டு, தடுக்கித் தடுக்கி வந்தார்.

ரஸ்ஸா ரோட்டில் டிராம் நின்று வழிவிட்டது. மாடிகளிலிருந்து பூ விழுந்தது. விழுந்த பூவைப் பட்டாபி தின்றது.

"பார்லி கஞ்சி அரை ஆழாக்குன்னேனே!" என்று கத்தினார் டாக்டர், சங்கொலிக்கு மேலே.

"பூதானே, ஜீரணமாயிடும்!" என்று கத்தினாள் அவள்.

"நான் சொல்றதை ஒண்ணாவது கேட்டிருக்கேளா?"

"பதினோராவது விதி கேட்டேன்! ஒரு நாள்கூட அவன் எதிர்ல அழலை! கொல்லைக்குப் போய்த்தான் அழுதேன்!"

டாக்டர் கையை மட்டும் இன்னும் கொஞ்சம் மெதுவாக, இன்னும் கொஞ்சம் கெட்டியாக வைத்துக்கொண்டார்.

மைதானத்தில் மேடை. தலைவர் ஒருவர் நீண்ட காகிதத்தை விரித்து, "பகுத்தறிவில்லாத விலங்குகூட..." என்று தொடங்கினார். பட்டாபி காகிதத்தைப் பார்த்தது. டாக்டர் அந்தப் பார்வையைப் பார்த்தார்.

"மாமி, பிடிங்கோ!"

பிடிப்பதற்குள் பட்டாபி கைவண்டியிலிருந்து ஒரே தாவலில் மேடைக்குப் போய்விட்டது. தலைவர் ஒரு பக்கம் ஓட, நாற்காலிகள் இன்னொரு பக்கம் உருள, காகிதத்தின் பாதியை வாயில் கவ்விக்கொண்டு பட்டாபி கூட்டத்துக்குள் குதித்தது. காஞ்சீபுரம் புடவை அவிழ்ந்து வால் மாதிரி ஏழெட்டு கஜம் நீளத்துக்குப் பின்னால் பறந்தது. அதைப் பிடிக்க டாக்டர், டாக்டரைப் பிடிக்க ஜகதாம்பாள், அவளைப் பிடிக்க சுந்தரேசன். கூட்டம் இரண்டாகப் பிளந்து கைதட்டியது. சிரிப்பு அலை அலையாகப் புரண்டது. தலைவரே மேடைக்குக் கீழே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காவலுக்கு நின்ற போலீஸ்காரன் தடியை நழுவவிட்டு, புடவை நுனியைக் காலால் மிதித்தான். பட்டாபி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

மூன்று பேரும் அதன்மேல் விழாத குறையாகப் போய் மண்டியிட்டார்கள். டாக்டர் துணியை விலக்கினார். ஜகதாம்பாள் கொம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று எண்ணினார். "எட்டு. எட்டு கெட்டியா இருக்கு, மாமி. ஓரத்துல ஒண்ணுதான் அறுந்திருக்கு. உள்ளே சேர்ந்துடுத்து. நன்னாச் சேர்ந்துடுத்து!"

சொல்லிவிட்டு அவர் அப்படியே புல்லில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். ஜகதாம்பாளும் உட்கார்ந்தாள். ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமல் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சுந்தரேசன் குடையைத் தூக்கி எறிந்துவிட்டுத் தானும் சிரித்தார்.

"எட்டு நின்னது என் பட்டு நூலாலே" என்றார் டாக்டர், மூச்சு வந்ததும்.

"என் பட்டுப் புடவையாலே."

"அறுந்தது உங்க மஞ்சள் போட்ட பக்கம்."

"அறுந்தது நீங்க ஒரு மணி நேரமா அமுக்கிண்டு வந்த பக்கம்!"

தையல் பிரிக்கிற நாள் பற்றியும் தகராறு. ஒன்பதாம் நாள் என்றாள் அவள். பன்னிரண்டு என்றார் அவர். பன்னிரண்டாம் நாள் காலையில் டாக்டர் கத்தரியோடு வந்தபோது, இத்தனை நாள் இத்தனை பேசியவள் பட்டாபியின் காதைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"எத்தனை ஆச்சு, டாக்டர்?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, மாமி."

எட்டும் பிரிந்தபோது பட்டாபி ஒரு முறை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, கொல்லைச் சுவரின்மேல் தாவி ஏறி நின்றது. டாக்டர் வாயைத் திறந்தார்; பிறகு மூடிக்கொண்டார். இனிமேல் குதிக்கலாம்.

அப்போது அடுத்த வீட்டு ஜன்னல் கம்பியில் வளையல் சத்தம் கேட்டது. நிஸ்தாரிணி பௌதி, தலைப்பை நெற்றிவரை இழுத்துக்கொண்டு, மெல்லிய குரலில் கூப்பிட்டாள்.

"டாக்டர்பாபு, என் மைனாவுக்கு இறக்கைக்கு அடியில் ஒரு கட்டி இருக்கிறது. மாமனாரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். பல்லக்கில் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன்." கொஞ்சம் தயங்கினாள். "வந்தால், இவளை மாதிரி நானும் உங்களோடு சண்டை போடலாமா?"

"தாராளமாகப் போடலாம், மா" என்றார் டாக்டர். "பத்து மணிக்கு வந்துவிடுங்கள்."

"பத்தா?" என்றது ஜன்னல், சற்று உரத்த குரலில். "என் மைனா பத்து மணிக்குத் தூங்கும். பதினொன்று!"

ஜகதாம்பாள் கைதட்டினாள்.